பதிவுத் தபாலில் ஓர் இரகசியம்

நான் வேலை செய்த கந்தோருக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கண்டி நகரத்தில் ஒரு பக்கத் தெருவில், உயரமான மதிலுக்கு உள்ளே, பழைய பங்களா ஒன்றில் அது இருந்தது. பலகை மாட்டினால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்று மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள். ஆனால் அந்தத் தெருவில் பல் வைத்தியரிலிருந்து பாண் கடை வரைக்கும் எல்லோரும் பலகை மாட்டியிருந்தார்கள். பலகை இல்லாத இடம் எங்களுடையது ஒன்றுதான் என்பதால் ஆட்டோக்காரர்கள் அதையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். "போர்டு இல்லாத கந்தோர்தானே மிஸ்?" என்று கேட்டு, வாசலிலேயே கொண்டுபோய் இறக்குவார்கள். இரண்டு வீடு தள்ளி இறங்கி நடந்து வர வேண்டும் என்பது எங்கள் விதி. நான் தள்ளி நிறுத்தச் சொன்னால், "வெயில் மிஸ், உள்ளுக்கே விடுறேன்" என்பார்கள். நல்ல மனிதர்கள். அவர்களை வைத்துக்கொண்டு ஒரு விதியையும் காப்பாற்ற முடியாது.

அரசாங்கத்துக்காக இரகசியத் தகவல் சேகரிக்கும் கந்தோர் அது. நான் அங்கே மொழிபெயர்ப்பாளர். தமிழில் வரும் தகவல்களைச் சிங்களத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதோடு, தமிழில் தகவல் தருகிறவர்களுடைய பெயர்ப் புத்தகமும் என் பொறுப்பில் இருந்தது. அறிக்கைகளில் யாருடைய பெயரும் வராது, இலக்கம் மட்டும்தான் வரும். எந்த இலக்கம் யார் என்பது அந்தப் புத்தகத்தில் மட்டும் இருக்கும். புத்தகம் இரும்பு அலுமாரிக்குள் இருக்கும். அலுமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், ஒரு சாவி மேலதிகாரியிடம். இரண்டுக்கும் மாற்றுச் சாவிகள் அரக்கு வைத்த உறை ஒன்றில் மேலதிகாரியின் மேசை லாச்சியில் கிடந்தன.

நான் குடியிருந்த குண்டசாலையில் அக்கம்பக்கத்துக்கு நான் விவசாயக் கந்தோரில் வேலை செய்வதாகச் சொல்லிவைத்திருந்தேன். வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனங்களில் அதுவும் ஒன்று. யார் வீட்டு மிளகாய்க் கன்றில் இலை சுருண்டாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வாசலில் நிற்பார்கள். எனக்கு மிளகாயைக் கறியில் போடத்தான் தெரியும். "சாம்பல் போடுங்க" என்று ஒரே வைத்தியத்தை எல்லாச் செடிக்கும் சொல்லிவந்தேன். தெரு முனை வீட்டம்மாவின் கத்தரி அதில் எப்படியோ பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அம்பிட்டியவிலிருந்தெல்லாம் ஆட்கள் வாடிய கொடியோடு வர ஆரம்பித்தார்கள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்கள் மத்தியில் அப்படி ஒரு கந்தோரின் பெயரைச் சொன்னால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். நாட்டில் யுத்தமும் ஆட்கள் காணாமல்போனதும் என்று இத்தனையும் நடந்து முடிந்த பிறகு, அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். எனக்குக் கிடைத்த அரசாங்க வேலை அது. மொழிபெயர்க்கத்தானே போகிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு சேர்ந்தேன்.

இருபத்து மூன்றாம் இலக்கத்தை நான் சந்தித்தது தெல்தோட்டை போகும் பஸ்ஸில். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கலஹாவுக்கு அப்பால் மழையில் மரம் ஒன்று விழுந்து பாதை அடைத்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் பஸ் நின்றது. பக்கத்தில் இருந்த அக்கா ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா ஆயம்மா. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளைக் காலையில் விட்டுவிட்டுப் போவார்களே, அந்த இடத்துக்குப் பொறுப்பானவர். பிள்ளைக்குப் பால் கொடுக்க வருகிற தாய்மார் மனதில் இருப்பதையும் அங்கேயே கொட்டிவிட்டுப் போவார்கள். ஆகவே தோட்டத்தில் நடப்பதெல்லாம் தோட்டத்தை நடத்துகிற துரைக்கு முன்னமே அவருக்குத் தெரிந்துவிடும்.

நானும் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில் பிறந்தவள் என்று தெரிந்ததும் அவர் மனம்விட்டுப் பேசினார். ஓர் ஆள் வெளிநாட்டு வேலை எடுத்துத் தருவதாகச் சொல்லித் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெண்பிள்ளைகளின் கடவுச்சீட்டுகளை வாங்கிக்கொள்கிறான். அவன் அனுப்பிய நாலு பேரிடமிருந்து இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. "யாருக்கிட்டப் போயி சொல்றதுன்னே தெரியல தங்கச்சி" என்றார்.

அப்போதுதான் நான் எங்கே வேலை செய்கிறேன் என்பதைச் சொன்னேன். வெளியாள் ஒருவரிடம் அந்த உண்மையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் இருக்கையில் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார். மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தை அறுத்து முடிக்கிற நேரத்தில் அந்த ஒரு சாணையும் தாண்டித் திரும்பி வந்தார்.

"என் பேரு வெளிய வராதுல்ல? அவன் அக்கா குடும்பம் எங்க பக்கத்துக் காம்பரா."

"வராதுக்கா" என்று கையிலடித்துச் சத்தியம் செய்தேன்.

அடுத்த சில மாதங்கள் அவர் தகவல் கொடுத்தார், நான் எழுதினேன். அந்த ஆள் பிடிபட்டான். அவன் பெட்டியிலிருந்து ஏழு கடவுச்சீட்டுகள் கிடைத்தன. நான் செய்த வேலையில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். ஆனால் சட்டத்தரணிகளுக்கா பஞ்சம்? ஆள் பிணையில் வெளியே வந்தான். வந்ததும் வராததுமாக, தன்னைக் காட்டிக்கொடுத்தது யார் என்று லயம் லயமாக விசாரிக்கத் தொடங்கினான். யார் என்று தெரிந்தால் சும்மா விடமாட்டேன் என்று தெல்தோட்டைக் கடைத்தெருவில் வைத்தே சொன்னான்.

இந்த நேரம் பார்த்து எங்களுக்குப் புது மேலதிகாரி வந்தார், எனக்கும் காய்ச்சல் வந்தது.

மேலதிகாரி தெற்கிலிருந்து வந்த சிங்களவர். தங்கமான மனிதர். ஆனால் சுற்றுநிருபம் ஒன்று வந்தால் அதைப் பிக்குகள் பிரித் ஓதுவதைக் கேட்பதுபோல எழுந்து நின்று படிப்பார். நான் ஒரு கிழமை காய்ச்சலில் கிடந்துவிட்டு வியாழக்கிழமை வேலைக்குப் போனபோது, அவர் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பேசியது சிங்களத்தில், தமிழில் தருகிறேன்.

"நீங்கள் இல்லாத நேரத்தில் ஒரு பெரிய வேலையை முடித்துவிட்டேன். கொழும்பிலிருந்து கட்டளை வந்தது. தகவல் தருவோரின் இரகசியம் பேணப்படுகிறது என்பதை அவரவருக்கு எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டுமாம்."

"எழுத்திலா?" என்றேன்.

"எல்லோருக்கும் கடிதம் போட்டுவிட்டேன். பயப்படாதீர்கள், வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. அலுமாரியை நானே திறந்து, விலாசங்களை என் கையாலேயே எழுதினேன். கந்தோரில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது."

பிரதி ஒன்றை எடுத்துக் காட்டினார். மேலே அரசாங்க இலச்சினை. கீழே கந்தோரின் முழுப்பெயர். பலகையில் போடப் பயந்த அதே பெயர். மூன்று மொழிகளில் ஒரே வாசகம்: தாங்கள் எமக்கு வழங்கிவரும் தகவல்களுக்கு நன்றி, தங்கள் அடையாளம் எவருக்கும் வெளிப்படுத்தப்படமாட்டாது. கையொப்பம், முத்திரை, எல்லாம் கச்சிதம்.

"சாதாரணத் தபாலிலா போட்டீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "என்னைப் பற்றி என்ன நினைத்தீர்கள்? பதிவுத் தபால். உறையின் மேல் கந்தோர் பெயருக்குக் கீழே, சிவப்பு மையில், மூன்று மொழியிலும் இரகசியம் என்று நானே முத்திரை குத்தினேன்."

எனக்குக் கோபம் வந்தால் சிங்களம் நன்றாக வரும். அன்று வந்ததுபோல என்றைக்கும் வந்ததில்லை. தோட்டத்து லயங்களுக்குத் தபால்காரன் போவதில்லை என்று சொன்னேன். ஒவ்வொரு காம்பராவுக்கும் தனி விலாசம் கிடையாது. எல்லோருடைய கடிதமும் தோட்டக் கந்தோருக்குத்தான் போகும். அங்கே கிளாக்கர் கையெழுத்துப் போட்டு வாங்குவார். மறுநாள் காலை பெரட்டில், அதாவது வேலை பிரித்துக் கொடுக்க முழுத் தோட்டமும் ஒன்றாகக் கூடி நிற்கிற களத்தில், பெயரைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுப்பார். கூப்பிடும்போது எங்கிருந்து வந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம். யார் வீட்டுக்கு என்ன கடிதம் என்பதில் முழுத் தோட்டத்துக்கும் உரிமை உண்டு.

மேலதிகாரி கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்படியென்றால் ஒரு மனிதருக்குத் தனியாகக் கடிதம் போடவே முடியாதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவருகிற கேள்வி. வேறொரு நாளாக இருந்தால் அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

இதற்கிடையில் என் கைபேசி அடித்தது. பதினோராம் இலக்கம். டவுனுக்கு வெளியே சலூன் வைத்திருக்கிறவர். "மிஸ், கடுதாசி கெடச்சிச்சு, ரொம்ப சந்தோசம்" என்றார். "கண்ணாடிச் சட்டம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கேன். வர்ற கஸ்டமர் எல்லாம் பாக்குறாங்க." கழற்றும்படி நான் கத்திய கத்தலில் காவல்காரர் வாசலிலிருந்து ஓடிவந்தார்.

சலூன்காரரைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அவர் சொல்கிற தகவலெல்லாம் முந்திய நாள் பத்திரிகையில் வந்ததுதான். என் கவலையெல்லாம் இருபத்து மூன்றுதான். கடிதங்கள் திங்கட்கிழமை போயிருக்கின்றன. புதன்கிழமை தோட்டத்துக்குப் போயிருக்கும். வியாழன் காலைப் பெரட்டு முடிந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. அந்த ஆளின் அக்கா அந்தப் பெரட்டில்தான் நிற்பாள்.

மேலதிகாரி உடனே கந்தோர் ஜீப்பை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். வெள்ளை ஜீப். உள்ளே ஒரே மாதிரி முடி வெட்டி, ஒரே மாதிரிச் சப்பாத்துப் போட்ட இரண்டு பேர், சாதாரண உடுப்பில். ஆட்களைத் தூக்கிப்போன வெள்ளை வாகனங்களைக் கண்ட இந்த நாட்டில் அப்படி ஒன்று லயத்து வாசலில் நின்றால், கடிதத்தில் பாக்கி இருக்கிற சந்தேகமும் தீர்ந்துவிடும். நான் குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

பேராதனை தாண்டும்வரை சாமியை வேண்டினேன். கலஹா ஏற்றத்தில் மேலதிகாரியைத் திட்டினேன். தெல்தோட்டையில் இறங்கும்போது என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அங்கே நின்ற ஆட்டோவில் ஏறித் தோட்டக் கந்தோருக்குப் போனேன். பிள்ளைகளுக்கு நிறை பார்க்க வந்த சுகாதாரப் பகுதி ஆள் என்று சொல்வதாகத் திட்டம். வழி நெடுக அதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

கிளாக்கர் ஐயா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். ஓய்வு வயதைத் தொட்ட மனிதர். நான் வாயைத் திறக்கவே இல்லை.

"அந்தக் கடுதாசி விசயமாத்தானே வந்தீங்க?" என்றார்.

"இல்லீங்க, நான் புள்ளைங்களுக்கு நிறை..."

"தராசு எங்க?"

இருபது வருடத்துக்கு மேல் இரகசியத் துறையில் வேலை செய்தவள் நான். தராசு கொண்டுபோக மறந்திருந்தேன்.

"ஒக்காருங்க" என்றார். "ஒங்க கந்தோர்ல படிச்ச ஆளுங்க யாருமே இல்லீங்களா? இரகசியம்னு மூணு பாஷையில அடிச்சிருக்கீங்க. ஒரு பாஷையில அடிச்சிருந்தா ரெண்டு பேருக்காவது வெளங்காமப் போயிருக்கும்."

"பெரட்டுல கூப்பிட்டுட்டீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா? சிவப்பு மையைப் பாத்ததும் என் மேசைக்குள்ள போட்டுட்டேன். பெரட்டு முடிஞ்ச பொறவு, பால்மாப் பெட்டிக்குள்ள வச்சு, நானே கொண்டுபோயி புள்ளக்காம்பராவுல குடுத்தேன். கடுதாசிய நான் பிரிக்கல. பிரிக்க வேண்டிய அவசியமும் இல்ல, எல்லாந்தான் வெளியவே எழுதியிருக்கே."

அந்த மனிதரின் காலில் விழ வேண்டும்போல இருந்தது. அவர் அதற்குள் பேரேட்டைத் திறந்துகொண்டு, நான் அங்கே இல்லாததுபோல எழுத ஆரம்பித்துவிட்டார். நான் பிள்ளைக்காம்பராவுக்கு நடந்தேன். வழியில் இரண்டு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "அக்கா உள்ளதான் இருக்காங்க" என்றாள் ஒருத்தி, நான் கேட்காமலே.

உள்ளே ஐந்தாறு சேலைத் தொட்டில்கள் தொங்கின. எல்லாப் பிள்ளையும் தூங்குகிற நேரம். அக்கா தரையில் உட்கார்ந்து ஒரு தொட்டிலின் கயிற்றை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வாங்க தங்கச்சி, மெதுவாப் பேசுங்க, இந்தக் குட்டி முழிச்சா ஊரையே எழுப்பிரும்" என்றார். பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். பிள்ளைகள் தூங்குவதால் அழுகையையும் கிசுகிசுப்பாகத்தான் அழ வேண்டியிருந்தது. அவர் சிரித்தார்.

"எதுக்கு இப்புடிப் பயப்படுறீங்க? நாந்தான் சொன்னேன்னு லயத்துல எல்லாருக்கும் தெரியும். ஆரம்பத்துலயே தெரியும்."

"எப்படிக்கா?"

"நல்லாக் கேட்டீங்க. செவரு கூரை வரைக்குமா கட்டியிருக்கு? நான் ஒங்களுக்கு ஃபோன் பேசுனா நாலு காம்பராவுக்குக் கேக்கும். அவன் அக்காவுக்குத்தான் மொதல்ல கேட்டிருக்கும்."

எனக்குத் தேத்தண்ணி புரையேறியது. எங்கள் கந்தோரில் அந்தத் தொலைபேசி அழைப்புகளுக்குத் தனிக் கோப்பு, தனி நிற அட்டை.

"அவன் வெளிய வந்ததும் வாசல் வாசலா வந்து கேட்டான்" என்றார். "ஒருத்தரும் மூச்சு விடல. எல்லாரும் ஒரே பதில்தான், 'தெரியாதுங்க.' அவன் அக்காவுக்கிட்டயும் கேட்டான். அவளும் தெரியாதுன்னுட்டா. அந்த ஏழு பாஸ்போட்டுல ஒன்னு அவ மக பேருல இருந்திச்சே."

எனக்கு மனம் நிறைந்துவிட்டது. இரண்டு பூட்டும் அரக்கு உறையும் சிவப்பு மையும் வைத்து நாங்கள் காப்பாற்றத் தெரியாததை, பாதிச் சுவர் வைத்துக்கொண்டு ஒரு லயமே காப்பாற்றியிருக்கிறது. என் ஆட்கள் என்று பெருமையாக இருந்தது. இதை மேலதிகாரியிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அக்கா பால்மாப் பெட்டிக்குள் இருந்து கடிதத்தை எடுத்து உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேரு, அப்பா பேரு, லய நம்பர், காம்பரா நம்பர், எல்லாம் சரியாப் போட்டிருக்கு. எழுதுனது நீங்க இல்லயே?"

"இல்லக்கா. நான் காய்ச்சல்ல இருந்தேன். எங்க மேலதிகாரி எழுதினது."

"அவருக்கு எப்புடித் தெரியும்?"

"புத்தகத்துல இருக்குக்கா."

"எந்தப் புத்தகத்துல?"

நான் விளக்கினேன். இலக்கம், பெயர், அலுமாரி, இரண்டு பூட்டு. சொல்லச் சொல்ல அவர் கை தொட்டில் கயிற்றில் அப்படியே நின்றுவிட்டது.

"நான் ஒங்களுக்கிட்டத்தானே சொன்னேன்" என்றார். "புத்தகத்துக்கிட்டயா சொன்னேன்?"

பெயர் வெளியே வராது என்று சத்தியம் செய்துவிட்டு, அன்றே கந்தோருக்குப் போய் நல்ல கையெழுத்தில் அதை எழுதிவைத்தவள் நான்தான். அது பிழை என்று அந்த நிமிடம் வரைக்கும் எனக்குத் தோன்றியதே இல்லை. அதுதானே என் வேலை.

"அழிச்சிருங்க" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். விவசாயக் கந்தோர் என்று ஊருக்கே பொய் சொன்னவளுக்கு இது ஒரு பெரிய காரியமா? ஆனால் அவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"முடியாதுக்கா. அரசாங்கப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் இலக்கம் போட்டிருக்கு. ஒரு வரிய வெட்டினாலும் விசாரணை வைப்பாங்க."

"நீங்க போன பொறவு அத யாரு வச்சிருப்பா?"

"அடுத்து வர்றவங்க."

"அவுங்களுக்குப் பொறவு?"

அவர் கடிதத்தை நாலாக மடித்து என் கையில் வைத்தார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளியே மழை தூறத் தொடங்கியது. பழக்கதோசத்தில் நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

"அந்த ஆள் இப்ப எங்கக்கா இருக்கான்? மறுபடியும் யாரையாவது சேர்க்குறானா?"

அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"தெரியாதுங்க மிஸ்" என்றார்.

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். "போயிட்டு வர்றேன்க்கா" என்றேன்.

"சரிங்க மிஸ்" என்றார். போயிட்டு வாங்க என்று அவர் சொல்லவில்லை.